ஆண்டுக்கு ஒரு டாலர்

அக்காவுக்கு வலது கை போனது ஐம்பத்தாறாவது வயதில். முப்பது வருஷம் வெட்டுக்கத்தி பிடித்த கை அது. கொக்கியில் தொங்கும் வாட்டிய வாத்தை எடுத்துக் கட்டையில் போட்டால், தோல் நகராமல், எலும்பு சிதறாமல் பதினாறு துண்டுகளாக்கித் தட்டில் பழையபடி வாத்து மாதிரியே அடுக்கிவிடுவாள். ஒருநாள் மதியக் கூட்டத்துக்கு நடுவே கத்தியைத் தூக்கினாள். விரல்கள் பாதியில் விட்டுவிட்டன. கத்தி அவள் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. மணிக்கட்டுத் தசைநார் நைந்துபோயிருக்கிறது, இனி கத்தியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நார்த் பாயிண்டில் அவள் வேலை பார்த்த கறிக்கடை முதலாளி நல்ல மனுஷன்தான். ஒரு மாதச் சம்பளத்தைக் கூடுதலாகக் கொடுத்து, "உடம்பைப் பார்த்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அரசு நலநிதி கேட்கப் போனோம். நான் அவளுடைய ஒரே தங்கை, சோய்லின். மருந்துக்கடை ஒன்றில் கல்லாவில் உட்காருகிறவள். அன்று லீவு போட்டுவிட்டு அக்காவோடு போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"விவாகரத்து ஆனவங்களா? ஜீவனாம்ச உத்தரவு இருக்கா?"

"இருக்கு" என்றாள் அக்கா.

"எவ்வளவு?"

"வருஷத்துக்கு ஒரு டாலர்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாள். "அப்போ முதல்ல கோர்ட்ல போய் அதைக் கூட்டிக் கேளுங்கம்மா. அவரால கொடுக்க முடியும்னா அவர்தான் கொடுக்கணும். கேஸ் நடக்கறவரைக்கும் நாங்க கொஞ்சம் பார்த்துக்கறோம்" என்றாள்.

வெளியே வந்ததும் அக்கா படியிலேயே நின்றுவிட்டாள். "அவன்கிட்டப் போய்க் கையேந்தச் சொல்றாங்க ஆ-லின்."

"கையேந்தறது இல்லக்கா. கேஸ்."

"ரெண்டும் ஒண்ணுதான். கேஸ்ல முத்திரை குத்தியிருக்கும்."

அந்த ஒரு டாலரின் கதையைச் சொல்ல வேண்டும். அக்கா சோய்பிங்கும் அவள் புருஷன் மாக் திங்ஃபையும் ஷாவ்கேய்வான் சந்தைத் தெருவில் வாத்துக்கடை வைத்திருந்தார்கள். அவன் உள்ளே அடுப்பில், அவள் முன்னால் கட்டையில். பத்தொன்பது வருஷம். குழந்தை இல்லை. பிறகு பாத்திரம் கழுவ ஹுனானிலிருந்து வந்த மெய்ஜுவான் என்ற பெண் அந்தக் கடைக்கு வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு வருஷத்தில் அவள் மாசமானாள். அக்கா கத்தவில்லை, கத்தியைத் தூக்கவில்லை. வேலைக்குக் கட்டும் ஏப்ரனையும் இரண்டு செட் துணியையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விவாகரத்தின்போது, "அவன் காசு எனக்கு ஒரு செம்புக்காசு வேண்டாம்" என்று சாதித்தாள். சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் ஃபூங் அம்மாதான் விடவில்லை. "வேண்டாம்னு எழுதிட்டா கதவை ஆணி அடிச்சு மூடின மாதிரி. பின்னாடி உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணு வந்தா திரும்ப வந்து கேக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு டாலர்னு போட்டு வைங்க. கதவு சும்மா சாத்தியிருக்கும், அவ்வளவுதான்" என்றார். வக்கீலின் தொல்லை தாங்காமல் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

திங்ஃபை அதைச் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தான். "என் பொண்டாட்டியோட விலை ஒரு டாலர். முட்டை ரெண்டு டாலர் விக்குது!" புத்தாண்டு வந்தால் சிவப்பு உறையில் ஒற்றை டாலர் நாணயத்தைப் போட்டு, மீன்கடைக்காரம்மா கையில் கொடுத்து அனுப்புவான். உறையின் மேல் 'நீடூழி வாழ்க' என்று தங்க எழுத்து. அக்கா அதைப் பிரித்து, நாணயத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அடுத்த டிராமில் கட்டணப் பெட்டிக்குள் போட்டுவிடுவாள். ஒன்பது வருஷம் இப்படியே நடந்தது.

கை போனபிறகு மறுபடியும் ஃபூங் அம்மாவிடம் போனோம். தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. "அப்போ திட்டினீங்களே, இப்போ சொல்லுங்க" என்றார். அக்கா பட்டை கட்டிய வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது நன்றி என்று ஃபூங் அம்மாவுக்குப் புரிந்திருக்கும்.

எதிர்த்தரப்பு தாக்கல் செய்த சத்தியப்பத்திரம் வந்தபோது நான்தான் முதலில் கொதித்தேன். கடை இப்போது திங்ஃபையின் பேரில் இல்லையாம். இரண்டாவது மனைவி மெய்ஜுவானின் பேரில் இருக்கிறதாம். அவன் அங்கே வெறும் சம்பளக்காரன், மாதம் ஒன்பதாயிரம். வியாபாரம் படுத்துவிட்டது, வாடகைக்கே திண்டாட்டம் என்று எழுதியிருந்தான்.

அக்கா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுநாளிலிருந்து காலையில் காணாமல் போனாள். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, ஷாவ்கேய்வானில் கடைக்கு எதிர்ப்பக்கம் உள்ள சோயாப்பால் கடையில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு மூன்று மணிவரை உட்கார்ந்திருக்கிறாள் என்று.

வான்சாய் குடும்ப நீதிமன்றத்தில் விசாரணை நடந்த நாளில் அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். திங்ஃபையின் வக்கீல் இளைஞர். அவர் கேட்டார்: "ஒன்பது வருஷமா நீங்க அந்தக் கடைக்குள்ள காலே வெக்கல. வியாபாரம் நல்லா நடக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எதிர்ல உக்காந்து பார்த்தேன். பதினொரு மணிக்குக் கொக்கியில இருபத்திரெண்டு வாத்து. ரெண்டரைக்கு நாலு."

"மீதியை உள்ளே எடுத்து வெச்சிருக்கலாம் இல்லையா?"

"சுட்ட வாத்தை உள்ள வெச்சா தோல் தொய்ஞ்சுபோயிடும் ஐயா. திங்ஃபை அதைச் செய்யமாட்டான். அவன் மோசமான புருஷன். ஆனா நல்ல வேலைக்காரன்."

நீதிபதி தலையைக் குனிந்து எதையோ எழுதினார். பேனாவுக்குப் பின்னால் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. திங்ஃபை எங்கள் பக்கம் பார்க்காமல் காதைச் சொறிந்துகொண்டிருந்தான். மாதம் நாலாயிரம் என்று உத்தரவானது.

அன்று இரவு நான் பன்றி விலா வாங்கிவந்து சூப் வைத்தேன். அக்கா இரண்டு கரண்டிதான் குடித்தாள். "ஜெயிச்சமாதிரியே இல்லையே" என்றாள்.

இரண்டு மாதம் பணம் வந்தது. மூன்றாவது மாதம் வரவில்லை, நான்காவதும் வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. ஃபூங் அம்மா அடுத்த வழியைக் கையில் எடுத்தார். பணம் கட்டாதவனுடைய சம்பளத்தை, முதலாளியே பிடித்து நேராக முன்னாள் மனைவிக்கு அனுப்பவேண்டும் என்று ஒரு உத்தரவு உண்டு. "நான் வெறும் சம்பளக்காரன்னு அவரே சத்தியம் பண்ணியிருக்காரே. யார் முதலாளி? இப்போ இருக்கிற பொண்டாட்டி. அவங்களுக்கே உத்தரவை அனுப்பச் சொல்லுவோம்" என்றார். வயசான வக்கீல் கண்ணில் அப்படியொரு குறும்பை நான் பார்த்ததில்லை. திங்ஃபை தோண்டிய குழியில் அவனையே இறக்கிவிட்டோம் என்று எனக்கும் சந்தோஷம். அந்தக் குழியில் முதலில் விழப்போவது யார் என்று நான் யோசிக்கவில்லை.

உத்தரவு போய்ச் சேர்ந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாய்வானில் அக்கா குடியிருக்கும் அரசுக் குடியிருப்பின் பதினேழாவது மாடிக்கு மெய்ஜுவான் வந்தாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். இரும்புக் கிராதிக்கு அந்தப் பக்கம் நின்றாள். சின்ன உருவம், கையில் கோர்ட் உறை, முழங்கைவரை எண்ணெய் சுட்ட தழும்பு.

"அக்கா, கொஞ்சம் கதவைத் திறங்களேன்."

"யாருக்கு யார் அக்கா? அங்கிருந்தே சொல்லு."

மெய்ஜுவான் அங்கிருந்தே சொன்னாள். "அவர் சம்பளத்துல பிடிக்கச் சொல்லி எனக்குக் காகிதம் வந்திருக்கு. பிடிக்கலைன்னா கோர்ட் என்னைக் கேக்கும்கறாங்க. பிடிச்சா அவர் என்னைக் கேப்பார். சம்பளம்னு ஒண்ணு இல்லவே இல்ல. கல்லாவைத் திறக்கறது அவர், மூடறது அவர். சனிக்கிழமை குதிரைப் பந்தயத்துக்குப் போறதும் அதுலேர்ந்துதான்."

"இதை எதுக்கு என்கிட்டச் சொல்ற?"

"கடையை என் பேருக்கு மாத்தினப்போ எனக்காகத்தான்னு நெனச்சேன்."

"எனக்கு மாத்தாதப்பவும் எனக்காகத்தான்னு நான் நெனச்சேன்" என்றாள் அக்கா. "காகிதத்துல பிடிக்கச் சொல்லியிருந்தா பிடி. அனுப்பச் சொல்லியிருந்தா அனுப்பு. கிளம்பு."

உள்கதவைச் சாத்திவிட்டாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மெய்ஜுவான் பிடித்தாள். மாதாமாதம் ஏழாம் தேதி நாலாயிரம் வந்தது. பழைய பாக்கியில் ஆயிரமும் சேர்ந்து வந்தது. நான்கு மாதம் வந்தது. அந்த நான்கு மாதமும் அக்கா வாடகையைத் தவணை தாண்டாமல் கட்டினாள், கைக்கு மருத்துவப் பயிற்சிக்குப் போனாள். ஐந்தாவது மாதம் திங்ஃபை வங்கிச் சீட்டைப் பார்த்துவிட்டான். கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே பெரிய சண்டை. "என் அடுப்புல வேகிற வாத்தை அவளுக்குத் தீனியாப் போடறியா?" என்று கத்தியிருக்கிறான். கல்லாவைக் காலி செய்துகொண்டு போனவன் திரும்பவில்லை. இதெல்லாம் மீன்கடைக்காரம்மா எங்களிடம் சொன்னது.

அடுப்புக்காரன் இல்லாத வாத்துக்கடை எத்தனை நாள் ஓடும்? மெய்ஜுவான் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்தாள். அவன் தோலைக் கருக்கினான், உள்ளே ரத்தம் வடிந்தது. பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

மூன்றாம் வாரம், சாய்வான் காய்கறிச் சந்தையில் எங்களைத் தேடிப் பிடித்தாள். இந்தத் தடவை 'அக்கா' என்று கூப்பிடவில்லை.

"சோய்பிங் அம்மா, ஒரே ஒரு விஷயம். மசாலாத் தண்ணி எப்படிக் கலக்கறது, எப்போ காத்துல தொங்கவிடறது, எப்போ தீயைக் கூட்டறது, எல்லாம் உங்களுக்குத் தெரியும்னு தெருவுல எல்லாரும் சொல்றாங்க. நீங்க கத்தியைத் தொட வேண்டாம். பக்கத்துல நின்னு சொன்னாப் போதும். சம்பளம் தர்றேன். ஜீவனாம்சம் தனி, சம்பளம் தனி."

அக்கா கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "என்னை எந்த வாசல் வழியா வெளியே அனுப்பினீங்களோ, அதே வாசல்ல என்னைக் கூலிக்கு ஏறச் சொல்றியா?"

"நான் அனுப்பலம்மா. நீங்களாத்தான் போனீங்க."

"ஆமா. நானாத்தான் போனேன்." அக்காவின் குரல் உயரவில்லை. "வயித்துல உன் குழந்தையோட நீ கல்லாவுல உக்காந்திருந்த. அப்புறம் நான் எங்கே நிக்கறது?"

மெய்ஜுவான் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் தப்புப் பண்ணினேன். இப்போ எம்பொண்ணு பள்ளிக்கூடம் போகுது. கடை போனா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல."

"எனக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அக்கா நடந்துவிட்டாள். கீரையை வாங்க மறந்துவிட்டாள்.

அன்று அவள் செய்தது சரி என்றுதான் நானும் நினைத்தேன். இன்னும் இரண்டு வார்த்தை சூடாகக் கேட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆறு வாரம் கழித்து ஷாவ்கேய்வான் வழியாகப் போனபோது கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. வாடகைக்கு என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். அக்காவிடம் சொன்னேன். அவள் இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை மாற்றினாள், மறுபடி மாற்றினாள், ஐந்தாறு தடவை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"உன் தப்பு இல்லக்கா."

"தப்புன்னு யாரு சொன்னா?" என்று என்மேல் பாய்ந்தாள்.

கடை போனதும் பணமும் நின்றது. பிடிப்பதற்குச் சம்பளம் இல்லை, அனுப்புவதற்கு முதலாளி இல்லை. வாத்து சப்ளை செய்கிற ஆள் ஒருவர் மூலம், திங்ஃபை யுன்லோங்கில் ஒரு கடையில் அடுப்பு வேலை பார்க்கிறான் என்று தெரிந்தது. ஃபூங் அம்மா அவனுக்குச் சம்மன் அனுப்பினார். கொடுக்க வசதி இருந்தும் கொடுக்காதவனைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சம்மன் அது. இதற்குள் மெய்ஜுவானும் விவாகரத்துக் கேட்டு, தனக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் கேட்டு மனுப்போட்டிருந்தாள். இரண்டு விஷயத்தையும் ஒரே நாளில், ஒரே நீதிபதி எடுத்துக்கொண்டார்.

நீதிமன்ற வராந்தாவில் நீளமான பெஞ்சுகள். ஒரு கோடியில் நானும் அக்காவும், மறுகோடியில் மெய்ஜுவான். நடுவில் யாரும் உட்காரவில்லை.

திங்ஃபை வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைக்குச் சாயம் போடாமல் விட்டிருந்தான். சட்டை தோளில் தொங்கியது. விசாரணையில் நீதிபதி கேள்விமேல் கேள்வி கேட்க, யுன்லோங்கில் பதினேழாயிரம் சம்பளம் வாங்குவதை ஒப்புக்கொண்டான். பிறகு குரலை உயர்த்தினான். "ரெண்டு குடும்பத்துக்கும் கொடுக்க நான் என்ன ரெண்டு ஆளா, ஐயா?"

"கல்யாணம் பண்றப்போ மட்டும் ரெண்டு ஆளா இருந்தியா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஊழியர் ஒருவர் என்னை முறைத்தார்.

இடைவேளையில் ஃபூங் அம்மா எங்களை மூலைக்கு அழைத்துப் போனார். அவர் முகத்தில் குறும்பு எதுவும் இல்லை.

"நேரா சொல்லிடறேன். அவர் சம்பளம் ஒண்ணுதான். அதுல குழந்தைக்குத்தான் முதல்ல. நீதிபதி பேசறதைப் பார்த்தா, உங்க நாலாயிரத்தை ஆயிரத்து ஐநூறாக் குறைக்கலாம்னு நெனைக்கிறார். நாம எதிர்த்து வாதாடலாம், உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. பாக்கிக்காக ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லியும் கேக்கலாம். ஆனா அவர் உள்ளே போனா அந்த வேலை போயிடும். அப்புறம் யாருக்கும் ஒண்ணும் வராது. மீதியை நலநிதிலேர்ந்து வாங்கிக்கலாம், முன்ன மாதிரி அலைய வேண்டியதில்ல. முடிவு உங்களோடது."

"எதிர்க்கணும்" என்றேன் நான். "பத்தொன்பது வருஷம் அந்தக் கட்டையில நின்னது யாரு? கை போனது யாருக்கு?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வலது மணிக்கட்டில் இருந்த பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"ஒன்பது" என்றார் ஃபூங் அம்மா.

வராந்தாவில் யாரோ ஒரு பெண் தேம்பி அழுதுகொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். அக்கா அவள் போகும்வரை காத்திருந்தாள்.

"குறைக்கட்டும். ஆனா ஒண்ணு வக்கீலம்மா. அவன் முடியலைன்னு சொல்லிக் குறைச்சதா இருக்கக்கூடாது. நான் ஒத்துக்கிட்டேன்னு எழுதச் சொல்லுங்க."

"எழுதச் சொல்றேன்."

"ஜெயில்?"

"பதினாலு நாள்னு தண்டனை போட்டு நிறுத்தி வெப்பாங்க. ஒரு தவணை தவறினாலும் உள்ளே போகணும்."

"அது இருக்கட்டும். தலைக்குமேல தொங்கட்டும்."

அப்படியே உத்தரவானது. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது திங்ஃபை எங்களுக்கு எதிரே வந்து நின்றான். ஏதாவது கத்தப்போகிறான் என்று நான் முன்னால் போனேன்.

"சோய்பிங்," என்றான், "கை எப்படி இருக்கு?"

பத்து வருஷத்தில் அவன் அவளைக் கேட்ட முதல் கேள்வி அது. அக்காவின் கண் ஒரு கணம் கலங்கியதை நான் பார்த்தேன். அவனும் பார்த்திருப்பான்.

"வெட்டத்தான் முடியாது. கையெழுத்துப் போட முடியும்" என்று சொல்லிவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

லிஃப்டுக்கு முன்னால் மெய்ஜுவான் நின்றிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே லிஃப்ட்தான். கதவு மூடியதும் அவள் தரையைப் பார்த்தபடி, "நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. ரொம்ப நன்றி" என்றாள்.

"நன்றியெல்லாம் வேண்டாம். உனக்காகப் பண்ணல."

"தெரியும்மா."

லிஃப்ட் நான்கு மாடி இறங்கியது. அக்காதான் மறுபடி வாயைத் திறந்தாள். "இப்போ எங்கே வேலை?"

"முதியோர் இல்லத்துல. சமையலறையில பாத்திரம் கழுவறேன்."

வந்த புதிதில் செய்த அதே வேலை. அக்கா அதைச் சொல்லிக் காட்டுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "ஏழாம் தேதி பணம் வரலைன்னா எட்டாம் தேதி காலைல வக்கீலுக்குப் போன் பண்ணிடு" என்றாள். "பாவம், ஒரு வாரம் போகட்டும்னு விடாதே. ஒரு வாரம் விட்டா ஆறு மாசம் விடுவ. அவன் முகத்தைப் பார்த்தா விடத்தான் தோணும்."

மெய்ஜுவான் தலையாட்டினாள். கீழே இறங்கியதும் அவள் ரயிலடிப் பக்கம் போனாள், நாங்கள் டிராம் பாதைப் பக்கம் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. டிராம் நிறுத்தத்தில் அக்கா கேட்டாள்: "அன்னைக்கு நான் அந்தக் கடைக்குப் போயிருக்கணுமா, ஆ-லின்?"

"போகலைன்னு யாரும் உன்னைக் குத்தம் சொல்லமாட்டாங்க."

"அதைக் கேக்கல."

டிராம் வந்து நின்றது, அவளை முன்னால் ஏறவிட்டேன்.

இப்போது ஆயிரத்து ஐநூறு வருகிறது. மீதியை நலநிதி பார்த்துக்கொள்கிறது. பழைய பாக்கி சில்லறையாக வருகிறது. திங்ஃபை ஒவ்வொரு தடவையும் கடைசி நாள் சாயங்காலம்தான் கட்டுகிறான், ஆனால் கட்டிவிடுகிறான். அக்காவின் கை அப்படியேதான் இருக்கிறது. இடது கையால் குச்சி பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டாள். நூடுல்ஸ் மட்டும் இன்னும் வழுக்குகிறது என்கிறாள்.

போன மாதம் எட்டாம் தேதி, நான் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் போன் செய்தாள்.

"வந்துடுச்சு. நேத்து ராத்திரியே."

"நல்லது."

"அவளுக்கு வந்துச்சான்னு தெரியல."

"ஃபூங் அம்மாகிட்ட நம்பர் இருக்கும். கேட்டுச் சொல்லவா?"

"வேண்டாம். எனக்கு எதுக்கு?" என்றாள்.

போனை மட்டும் வைக்கவில்லை. அவள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே பஸ் போகும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.